வாட்ஸ்அப் மட்டும் போதுமா, பத்து வருடம் கழித்தும் இருக்குமா?

தம்பி, வெளிநாடு வந்து மூன்று வாரம் ஆகிறது, ஊரோடு பேச வாட்ஸ்அப் மட்டும் போதுமா, அடுத்த வருடம் வேறு நாட்டுக்கு மாற்றினால் என்ன செய்வது, பத்து வருடம் கழித்து எந்தச் செயலி மிஞ்சும் என்று கேட்டிருந்தீர்கள்.

நான் வந்த காலத்தில் எங்கள் வீட்டில் எல்லாரும் யாஹூ மெசஞ்சர்தான். அது ஒருநாள் இல்லாமல் போகும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். 2018 ஜூலையில் மூடிவிட்டார்கள். எம்எஸ்என் மெசஞ்சரில் இருந்தவர்களை 2013இல் ஸ்கைப்புக்கு மாற்றினார்கள், அந்த ஸ்கைப்பும் 2025 மே மாதத்தோடு முடிந்தது. இவையெல்லாம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஐடி போட்டு உள்ளே போய், அந்தப் பக்கம் ஆள் இருக்கிறாரா என்று பார்த்துப் பேசுகிற காலத்துக்குச் செய்தவை. 2009இல் வந்த வாட்ஸ்அப்புக்கு ஐடியும் வேண்டாம், பாஸ்வேர்டும் வேண்டாம், போனில் யார் நம்பர் இருக்கிறதோ அவரோடு பேசலாம். என் அம்மா யார் உதவியும் இல்லாமல் தானாகக் கூப்பிட்ட முதல் செயலி அதுதான். பெரியவர்கள் ஒன்றுக்குப் பழகிவிட்டால் லேசில் மாற மாட்டார்கள், அதனால் இது இன்னும் பல வருடம் நிற்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் அக்கம்பக்கம், வேலை, பிள்ளைகளின் பள்ளிக்கு அந்தந்த நாட்டுக்காரர்கள் எதில் இருக்கிறார்களோ அதில்தான் நீங்களும் இருக்க வேண்டும். ஜப்பான் என்றால் லைன் என்ற செயலி, கொரியா என்றால் காக்காவோடாக். சீனாவில் வாட்ஸ்அப் தடை, அங்கே விசாட் இல்லாமல் ஒன்றும் நடக்காது, ஆனால் இந்தியாவில் 2020 முதல் விசாட்டுக்கும் தடை, அதனால் வீட்டாரோடு எதில் பேசுவது என்று கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள். டெலிகிராமில் போன் மாற்றினாலும் பழைய பேச்செல்லாம் அப்படியே வந்துவிடும், அது பெரிய வசதி, ஆனால் சாதாரண அரட்டைக்கு முழு மறையாக்கம், அதாவது பேசுகிற இருவரைத் தவிர செயலி நிறுவனம்கூடப் படிக்க முடியாதபடி பூட்டுவது, கிடையாது. சிக்னல் என்ற செயலியில் எல்லாவற்றுக்கும் அது உண்டு. ஐரோப்பிய ஒன்றியச் சட்டம் மற்றச் செயலிகளில் இருப்பவர்களோடும் பேச வாட்ஸ்அப்பை வழிவிடச் சொல்கிறது, அது நன்றாக நடந்தால் எதில் இருக்கிறோம் என்ற கவலையே குறையும்.

எது மிஞ்சும் என்பதைவிட எனக்குப் பெரிய கவலை உங்கள் பழைய நம்பர். ஊர் சிம் செத்து, அந்த நம்பர் வேறொருவர் கைக்குப் போனால் வாட்ஸ்அப் கணக்குக்கே சிக்கல். அதற்கு முன்பே வாட்ஸ்அப் அமைப்புகளில் ‘எண்ணை மாற்று’ என்பதைப் போட்டு இப்போது இருக்கும் நாட்டு நம்பருக்குக் கொண்டுவாருங்கள், குழுக்களும் கூடவே வந்துவிடும்.

அப்புறம், குரல் பதிவுகள். ஒரு செயலியில் அப்பா எனக்கு வாரம் தவறாமல் பேசி அனுப்புவார், எல்லாம் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டிருந்தேன், போன் பழுதானதும் அத்தனையும் போயிற்று. இப்போது அப்பா இல்லை, அவர் குரல் என்னிடம் ஒரு நிமிடம்கூட இல்லை. பேக்கப் போட்டிருக்கிறீர்களா என்று இன்றைக்கே பாருங்கள், வீட்டார் பேசி அனுப்புவதை மட்டும் தனியாக எடுத்து வேறோர் இடத்திலும் ஒரு பிரதி வையுங்கள்.