கேட்டு எடுக்கிற படம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். எனக்குச் சொந்த ஊர் முக்கூடல். பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறேன். விடுமுறை நாட்களில், கல்யாண வீடுகளில் கேண்டிட் (போஸ் கொடுக்கச் சொல்லாமல், இயல்பாக இருக்கும்போது எடுக்கும் படம்) எடுக்கிற அண்ணன் ஒருவருக்கு உதவியாகப் போகிறேன்.

எங்கள் ஆச்சி திண்ணையில் பீடி சுற்றிக்கொண்டிருந்தபோது, தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று ஜூம் லென்ஸில் அவளுக்குத் தெரியாமல் ஒரு படம் எடுத்தேன். நான் எடுத்ததிலேயே இதுதான் சிறந்தது என்கிறார்கள் நண்பர்கள். ஆச்சியிடம் காட்டினால், "ஏல, சொல்லிட்டு எடுக்கப்படாதா? தலைய வாரி நல்ல சேலையக் கட்டிட்டு இருந்திருப்பம்லா" என்று கோபப்பட்டாள். மறுநாள் மத்தியானம் சேலை மாற்றச்சொல்லி, வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்து எடுத்தேன். விறைப்பாக வந்திருக்கிறது. ஆனால் ஆச்சிக்கு அதுதான் பிடித்திருக்கிறது. இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

போஸ் கொடுத்தால் பொய், கேண்டிட்தான் உண்மை என்பது எங்கள் செட்டில் வேதவாக்கு. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நம்ம ஊர் வெயிலில் ஃப்ளாஷ் இல்லாமல் முகங்களை எப்படி எடுப்பது? முதல் படத்தை ஒரு போட்டிக்கு அனுப்பலாமா? 85 எம்.எம். லென்ஸ் ஒன்று வாங்கவும் ஆசை.

ச., முக்கூடல்

அன்புள்ள தம்பி,

போட்டிக்கு இப்போது அனுப்ப வேண்டாம். ஆச்சி தனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்ட படம் அது. ஊர் பேர் தெரியாத பலர் பார்ப்பார்கள், பேப்பரில்கூட வரலாம் என்று விவரமாகச் சொல்லி மறுபடி கேளுங்கள். சரி என்றால் அனுப்புங்கள். நம்ம வீட்டு மனுஷிதானே என்பது அனுமதி ஆகாது.

உங்கள் நண்பர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. "மாப்ளே, தலையைக் கொஞ்சம் சாய்ங்க, பொண்ணு கையைப் பிடிங்க" என்று நிறுத்தி எடுத்த ஆல்பங்களில் எல்லா மாப்பிள்ளையும் ஒரே மாப்பிள்ளையாகத்தான் தெரிவார். அந்தச் சலிப்பில்தான் கல்யாண வீடுகளில் கேண்டிட்டுக்கு இவ்வளவு மவுசு. ஆனால் அங்கிருந்து, தெரியாமல் எடுத்தால் உண்மை என்ற முடிவுக்குத் தாவ முடியாது. ஆச்சி அன்றைக்குத் திண்ணையில் பேசியிருப்பார், சிரித்திருப்பார், தெருவில் போகிறவரைக் கூப்பிட்டு நலம் விசாரித்திருப்பார். நீங்கள் அழுத்தியது அவர் குனிந்து, முடி கலைந்து, சோர்ந்திருந்த ஒரு நொடியில். அந்த நொடி நடந்ததுதான். அதை மட்டும் பொறுக்கியெடுத்தது நீங்கள்.

பாரிஸ் நகர மன்றத்துக்கு முன்னால் ஓர் இளம் ஜோடி முத்தமிட்டுக்கொள்ளும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ராபர்ட் டுவானோ 1950இல் அமெரிக்காவின் லைஃப் பத்திரிகைக்காக எடுத்தது. தற்செயலாகச் சிக்கிய காட்சி என்றே பல காலம் நம்பினார்கள். 1990களில் வழக்கு ஒன்று வந்தபோது, நடிப்பு படித்துக்கொண்டிருந்த இருவரைக் கேட்டுக்கொண்டு எடுத்தது அது என்று டுவானோவே சொல்லிவிட்டார்.

இதைவிட நான் அதிகம் யோசித்தது அமெரிக்கப் புகைப்படக்காரர் டொரதியா லாங் எடுத்த தாயின் படத்தைப் பற்றி. 1936, கலிஃபோர்னியாவில் நிப்போமோ, பட்டாணி பறிக்க வந்த கூலிகளின் முகாம். கூடார நிழலில் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணை லாங் ஒவ்வொரு படமாக எடுத்துக்கொண்டே நெருங்குகிறார். நமக்கெல்லாம் தெரிந்த படத்தில் இரண்டு பிள்ளைகள் முகத்தை அந்தப்பக்கம் திருப்பி அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கிறார்கள். அவள் கன்னத்தருகே கையை வைத்து எங்கோ பார்க்கிறாள். கேமரா எதிரில் இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். இது கேண்டிட்டா, போஸா? என்னைப் பொறுத்தவரை இரண்டும் இல்லை. லாங்கின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பெண்ணின் பெயரை அவர் கேட்கவில்லை. ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்ப்சன் என்ற பெயர் 1978இல்தான் வெளியே வந்தது. பெயர்கூடக் கேட்கவில்லை, அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசு வரவில்லை என்று அந்த அம்மா வருத்தப்பட்டார். அவ்வளவு பெரிய படத்துக்குப் பின்னால் இப்படி ஒரு மனக்குறை இருப்பது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது.

அப்புறம் இர்விங் பென் என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர். 1948 கடைசியில் பெரு நாட்டின் குஸ்கோ நகரத்தில், உள்ளூர்க்காரர் ஒருவரின் ஸ்டுடியோவை வாடகைக்கு எடுத்தார். பகல் வெளிச்சத்தில் படமெடுக்கிற இடம். பண்டிகைக்குப் படம் எடுத்துக்கொள்ள வந்த மலை ஜனங்களை நேராக நிறுத்தியே எடுத்தார். அவர்களிடம் காசு வாங்கவில்லை, இவர்தான் கொடுத்தார். முழுக்க முழுக்க போஸ். ஆனாலும் அந்த முகங்களில் ஒன்று இன்னொன்று போல இல்லை.

ஆச்சியின் விறைப்புக்கு வருகிறேன். அவர் வயதுக்காரர்களுக்குப் போட்டோ என்றால் டவுணுக்குப் போய் ஸ்டுடியோவில் எடுப்பது. கல்யாணமான புதிதில் ஒன்று, பிள்ளைகள் பிறந்த பிறகு ஒன்று. அசைந்தால் படம் கெட்டுப்போகும், ஃபிலிம் வீணாகும். முழங்காலில் கை, நேர்ப்பார்வை, மூடிய வாய். இதை நடிப்பு என்று தள்ளிவிடாதீர்கள். என்னை இப்படி ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று பிள்ளைகளிடம் அவர் சொல்லும் முறை அது. நாளைக்கு மாலை போட்டு மாட்டவேண்டிய படம் எது என்று நம்ம ஊர்ப் பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவைப்பார்கள். அதைச் சொல்ல அவர்களுக்கு உரிமை உண்டு.

குலசை (குலசேகரன்பட்டினம்) தசராவுக்குப் போனால் இது இன்னும் தெளிவாகத் தெரியும். முத்தாரம்மனுக்கு நேர்ந்து, விரதமிருந்து, காளி வேஷம் கட்டியவர் கேமராவைக் கண்டதும் நிமிர்ந்து நிற்பார். அங்கே போஸ்தான் உண்மை. அவர் டீ குடிக்கிற நேரம் பார்த்துக் காத்திருந்து 'அழகான கேண்டிட்' என்று போடுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. அவர் நேர்ந்துகொண்டதை வேடிக்கையாக்குகிறார்கள்.

சரி, வெளிச்சம். உங்கள் முதல் படம் நன்றாக இருப்பது கேண்டிட் என்பதால் இல்லை தம்பி, ஆச்சி உட்கார்ந்திருந்த இடத்தால். பீடி இலையை அளவாக வெட்டி, தூள் வைத்து உருட்டி, நூல் கட்ட நல்ல வெளிச்சம் வேண்டும். ஆனால் வெயில் பட்டால் நனைத்து வைத்த இலை காய்ந்து நொறுங்கும். அதனால் வெயில் எட்டாத, ஆனால் வானம் தெரிகிற ஒரு இடத்தை அவர் தேர்ந்தெடுத்திருக்கிறார். தாழ்வாரக் கூரை உச்சி வெளிச்சத்தை மறைக்கிறது. எதிர்வீட்டுச் சுண்ணாம்புச் சுவரில் பட்ட வெயில் திரும்பிவந்து முகத்தில் பக்குவமாக விழுகிறது. பத்தமடையில் பாய் நெய்கிறவர்களையும் பாருங்கள், தறி எங்கே கிடக்கிறது, வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று. கைவேலைக்காரர்கள் நமக்கு முன்னாலேயே வெளிச்சத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது படத்தில் அந்த இடத்தை விட்டு ஆச்சியை வெயிலுக்கு இழுத்துவிட்டீர்கள். கண்குழி இரண்டும் இருட்டு, மூக்கின் நிழல் மேலுதட்டில், கண் கூசுவதால் நெற்றி சுருங்கியிருக்கிறது. நீங்கள் விறைப்பு என்று சொல்வதில் பாதி இதுதான். நாம் பூமத்தியரேகைக்கு வடக்கே ஒன்பது டிகிரிக்குள் இருக்கிறோம். சித்திரை விசுவை ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் ஒருமுறை, நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கே வந்துவிடும். இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் வெயில் வடக்கே சாய்ந்து நிற்கும். முகம் எடுக்க வடக்கு ஜன்னல்தான் நல்லது என்று மேல்நாட்டுப் புத்தகங்கள் சொல்வது அவர்கள் ஊருக்குச் சரி. இங்கே ஆனி ஆடியில் வடக்குச் சுவரில் வெயில் அடிக்கும், தெற்கு வாசல்தான் நிழல். மாசம் பார்த்து வாசலை மாற்றுங்கள்.

தென்காசிப் பக்கம் சாரல் காலத்தில் வானம் முழுக்க மேகம் மூடியிருக்கும்போது எங்கே நிறுத்தினாலும் முகம் மென்மையாக வரும். பாபநாசம், விக்கிரமசிங்கபுரத்தில் சாயங்காலம் சூரியன் மலைக்குப் பின்னால் சீக்கிரமே மறைந்துவிடும், ஆனால் வானம் இன்னும் வெளிச்சமாக இருக்கும். அந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். தென்னை நிழல் வேண்டாம், முகத்தில் புள்ளிபுள்ளியாக வெயில் விழும். நீலத் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழேயும் வேண்டாம், தோலில் நீலம் ஏறிவிடும். சாத்தான்குளம், திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டில் செம்மண் கீழேயிருந்து சிவப்பை முகத்தில் அடிக்கும். அது எனக்குப் பிடிக்கும், திருத்தமாட்டேன்.

இன்னொன்று. கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பல் நிறமாக்கத்தான் அளவெடுக்கும். சுண்ணாம்புச் சுவருக்கு முன்னால் கறுத்த முகம் இருந்தால் படத்தில் முகம் இருண்டுபோகும். சுவரை விட்டுவிட்டு முகத்துக்கு அளவெடுங்கள், சுவர் வெளுத்தால் வெளுக்கட்டும். ஆனால் போனில் வருகிற அந்த அழகூட்டும் வசதியைத் தொடவே தொடாதீர்கள். ஆச்சியின் நிறத்தை மாற்ற யாருக்கும் உரிமையில்லை.

நான் செய்வதைச் சொல்கிறேன். இடத்தை நான் சொல்வேன், உட்காரும் விதத்தை அவர்களிடம் விட்டுவிடுவேன். கேட்டுவிட்டுத்தான் கேமராவை எடுப்பேன். அவர்கள் விரும்பும் போஸில் முதலில் எடுத்து, அப்போதே காட்டிவிடுவேன். பிறகு கேமராவை மடியில் வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுப்பேன். கொஞ்ச நேரத்தில் கை தானாக வேலைக்குத் திரும்பும், கேமரா இருப்பதே மறந்துபோகும். அப்போது எடுப்பதும் கேண்டிட்தான். தெரிந்து, சம்மதித்து, பிறகு மறந்துபோனவரின் படம். ஆச்சியை நல்ல சேலையிலேயே திண்ணையில் உட்காரச்சொல்லிப் பீடித்தட்டை மடியில் வைத்துக் கொடுங்கள். ஷட்டர் வேகத்தை 1/125 நொடிக்குக் கீழே இறக்காதீர்கள், லென்ஸின் திறப்பு எஃப் 2.8 போதும், வெளிச்சம் குறைந்தால் ஐஎஸ்ஓவை (கேமரா வெளிச்சத்தை உணரும் திறனை) 1600 வரை தயங்காமல் ஏற்றுங்கள்.

85 எம்.எம். அருமையான லென்ஸ். ஆனால் உங்களுடையது சின்ன சென்சார் (படம் பதியும் சில்லு) உள்ள கேமராவாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில் 50 எம்.எம். லென்ஸே ஏறக்குறைய 80 போல வேலை செய்யும், விலையும் வெகுவாகக் குறைவு. ஐந்தாறு அடியில் உட்கார்ந்து பேசிக்கொண்டே முகத்தை எடுக்கலாம். 85 போட்டால் அதே அளவு முகத்துக்குத் திண்ணையை விட்டுத் தெருவில் இறங்கி நிற்கவேண்டி வரும், பேச்சு அறுந்துபோகும். 50 வாங்குங்கள். மிச்சப் பணத்தில் ஆச்சி தேர்ந்தெடுக்கிற படத்தை எட்டுக்குப் பத்து அங்குலத்தில் பிரிண்ட் போட்டுக் கொடுங்கள்.

அன்புடன்