நூறு பேரும் ஊத வேண்டுமா?

கேள்வி: எங்கள் சங்கத்தில் 60,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. ஒரு லேப் ஆளுக்கு 600 ரூபாயில் ஸ்பைரோமெட்ரி (குழாயில் ஊத வைத்து நுரையீரலின் திறனை அளக்கும் சோதனை) செய்து தருகிறதாம். நாற்பது தாண்டிய நூறு பேருக்கு நுரையீரல் முகாம் நடத்தலாமா, டாக்டர்?
- வாசகர், தாராவி, மும்பை

பதில்: முகாம் நடத்துங்கள். ஆனால் நூறு பேரையும் ஊத வைக்க வேண்டாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி கதையாகிவிடும்.

முன்பு ஒரு முகாமில் பார்த்தேன். ஆறு விநாடியாவது விடாமல் ஊத வேண்டிய இடத்தில் பலர் இரண்டு விநாடியிலேயே நிறுத்திவிட்டார்கள். மூச்சுக்குழாயை விரிக்கும் சால்புட்டமால் மருந்தைக் கொடுத்துப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி ஊதச் சொல்லவே இல்லை. அது இல்லாமல் சி.ஓ.பி.டி. (மூச்சுக்குழாய்கள் நாள்பட அடைபடும் நோய்) என்று எழுதக் கூடாது. முதல் விநாடியில் வரும் காற்று, ஊதிய மொத்தக் காற்றில் 0.7 பங்குக்குக் குறைந்தால் நோய் என்பார்கள்; வயதானவர்களுக்கு அந்த அளவுகோலே சில சமயம் இல்லாத நோயைக் காட்டும். அப்புறம் மாதாமாதம் இன்ஹேலர் செலவு யார் தலையில்?

அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழு 2016-இலும் 2022-இலும் இதையேதான் சொன்னது: அறிகுறி இல்லாதவர்களிடம் இந்த நோயைத் தேடிச் சோதிக்க வேண்டாம். முன்கூட்டியே கண்டுபிடித்ததால் அவர்களுக்குப் பலன் கிடைத்ததாகச் சான்று இல்லை.

அறிகுறி உள்ளவர்கள் கதை வேறு. தொண்ணூறு அடி சாலைப் பக்கமிருந்து ஓர் இட்லிக்கார அக்கா முழங்கால் வலி என்று என்னிடம் வந்தார். பாதி வாக்கியத்தில் மூச்சு வாங்கினார். "வயசாச்சு டாக்டர்" என்றார். பீடியைத் தொட்டதில்லை, இருபது வருடம் விடியற்காலை மூன்று மணிக்கு விறகடுப்பு. நீங்கள் 'புகைப்பவர்கள் மட்டும் வரவும்' என்று போர்டு வைத்தால் அவர் வரவே மாட்டார்.

எனவே முதலில் கேளுங்கள்: இருமல், சளி உண்டா? மாடி ஏறினால் இளைக்கிறதா? பீடி, விறகுப் புகை, தோல் பட்டறைத் தூசி எத்தனை வருடம்? 'ஆம்' என்பவர்கள் பீக் ஃப்ளோ மீட்டரில் (மூச்சு வெளியேறும் உச்ச வேகத்தைக் காட்டும் சிறு கருவி) ஊதட்டும். சில நூறு ரூபாய்தான், காகிதக் குழல் மட்டும் ஆளுக்கொன்று. அதிலும் குறைந்தவர்களே ஸ்பைரோமெட்ரிக்குப் போகட்டும். 2022-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று நேபாளம், பெரு, உகாண்டாவில் இப்படிக் கேள்வியும் பீக் ஃப்ளோவும் சேர்த்துப் பார்த்தது. நடைமுறைக்கு ஒத்துவரும் என்றே தெரிந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் முதலில் காசநோய்ச் சளிப் பரிசோதனை. அரசு மையத்தில் இலவசம்.

கடைசியில் இருபது பேருக்கு ஸ்பைரோமெட்ரி தேவைப்பட்டால் 12,000 ரூபாய். மீதியில் இன்ஹேலர், அதில் மாட்டி மருந்தை எளிதாக உள்ளிழுக்க உதவும் ஸ்பேசர், ஓரிரு சமையலறைக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கலாம். அந்த அக்காவுக்கும் ஒன்று மாட்டிவிடுங்கள்.