தம்பி ஏன் நடுராத்திரியில் வெந்நீர் காய வைக்கிறான்?

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். எனக்கு 31 வயது. கல்யாணமாகி தர்மபுரியில் இருக்கிறேன். அம்மா வீடு காவேரிப்பட்டினம் பக்கத்தில் ஒரு கிராமம். கொஞ்சம் மாந்தோப்பு இருக்கிறது. எனக்கு ஒரே தம்பி, 24 வயது. டிப்ளமா முடித்துவிட்டு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறான். நாலு பையன்களோடு ரூம் எடுத்துத் தங்கியிருக்கிறான்.

ஒரு வருடமாக அவனுக்கு வாந்தி. மூன்று வாரத்துக்கோ ஒரு மாதத்துக்கோ ஒரு தடவை வரும். வந்தால் இரண்டு மூன்று நாள் விடாது, தண்ணீர் குடித்தால்கூட வெளியே வந்துவிடும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடப்பான். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் எடுத்தார்கள். அல்சர்கூட இல்லை, எல்லாம் நார்மல் என்றார்கள். குளுக்கோஸ் ஏற்றி ஊசி போட்டதும் கொஞ்சம் தெளிவான். அடுத்த மாதம் மறுபடியும் அதேதான். பத்து கிலோவுக்கு மேல் இளைத்துவிட்டான். அம்மா யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று இரண்டு இடத்தில் தாயத்து வாங்கிக் கட்டினார்.

போன மாதம் மாங்காய் அறுப்புக்கு ஊருக்குப் போயிருந்தேன். தம்பியும் லீவில் வந்திருந்தான். ராத்திரி மூன்று மணி இருக்கும், கொல்லைப்புறம் வெளிச்சமாகத் தெரிந்தது. போய்ப் பார்த்தால், தம்பி காய்ந்த தென்னை மட்டையை ஒடித்து ஒடித்து அடுப்பில் தள்ளிக்கொண்டிருக்கிறான். அண்டாவில் தண்ணீர் தளதளவென்று இருக்கிறது. அந்த வெக்கையிலும் ஆவி பறக்கிற தண்ணீரைச் சொம்பு சொம்பாக மொண்டு ஊற்றிக்கொள்கிறான். "இது ஒண்ணுதான்க்கா கேக்குது" என்றான். முதுகும் வயிறும் வெந்து சிவந்து, அங்கங்கே தோல் உரிந்திருந்தது.

மறுநாள் துணி துவைக்க எடுத்தபோது அவன் பேன்ட் பாக்கெட்டில் பொட்டலம் இருந்தது. கஞ்சா. கேட்டதும் அழுதுவிட்டான். டிப்ளமா படிக்கும்போது 18 வயதில் ஆரம்பித்ததாம். சிகரெட் தூளோடு கலந்து இப்போது தினமும் மூன்று நாலு தடவை. "வாந்திக்கு அதுதான் எனக்கு மருந்துக்கா, ரெண்டு இழுப்பு இழுத்தா அடங்கிடும், அதுவும் மூலிகைதானே" என்கிறான். இன்னொன்றும் சொன்னான். ரூமில் இருக்கிறவர்கள் தன்னைப் பற்றியே பேசிக்கொள்கிறார்களாம், தன் போனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்களாம். அதைக் கேட்டதும் எனக்குக் கைகால் நடுங்கிவிட்டது. எங்கள் சித்தப்பா ஒருவர் முப்பது வயதில் இப்படித்தான் பேச ஆரம்பித்தார். இன்னமும் மாத்திரையில்தான் இருக்கிறார்.

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் குழந்தை தலையில் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டான். இங்கே ஆவணியில் அவனுக்கும் மாமா மகளுக்கும் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். கால்கட்டு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் அப்பா. அந்தப் பெண் நான் தூக்கி வளர்த்தவள். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் உண்மையைச் சொன்னால் போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்றும் பயமாக இருக்கிறது. நான் என்ன செய்ய?

— பெயர் வேண்டாம், தர்மபுரி

அன்புள்ள சகோதரிக்கு,

அந்த அண்டாத் தண்ணீரைப் பற்றி நீங்கள் எழுதியிருந்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். ஸ்கேனிலும் எண்டோஸ்கோப்பியிலும் தெரியாத ஒன்று அதில் இருக்கிறது.

பல வருடமாக, அநேகமாக தினமும் கஞ்சா புகைப்பவர்களில் சிலருக்கு இப்படி ஒரு வாந்தி நோய் வருகிறது. விட்டு விட்டு வரும், வந்தால் அடங்காது, வயிறு வலிக்கும், பரிசோதனையில் ஒன்றும் அகப்படாது. வெந்நீரில் குளித்தால் மட்டும் கேட்கும். 2004-இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் மருத்துவர்கள் இதைப் பற்றி முதன்முதலாக எழுதினார்கள். அவர்கள் பார்த்த நோயாளிகளும் உங்கள் தம்பியைப் போலவே நாளுக்குப் பல முறை சுடுதண்ணீரில் குளித்துக்கொண்டிருந்தவர்கள்தான். கஞ்சாவை விட்டவர்களுக்கு வாந்தி நின்றது. விட்டுவிட்டுத் திரும்பப் புகைத்தவர்களுக்கு வாந்தியும் திரும்ப வந்தது. கன்னாபினாய்டு ஹைப்பர்எமெசிஸ் சிண்ட்ரோம் என்று இதற்குப் பெயர். ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், டாக்டரிடம் காட்ட உதவும்.

நான் மனநல ஆலோசகர், வயிற்று டாக்டர் இல்லை. கடிதத்தைப் படித்துவிட்டு இதுதான் நோய் என்று முடிவுகட்டவும் கூடாது. ஆனால் இத்தனை நாள் பார்த்த டாக்டர்களுக்குக் கஞ்சா விஷயம் தெரியாது. அதைச் சொல்லாமல் எத்தனை ஸ்கேன் எடுத்தாலும் "நார்மல்" என்றுதான் வரும்.

"ரெண்டு இழுப்பில் அடங்குகிறது" என்று அவன் சொல்வது பொய்யில்லை. கஞ்சாவில் இருக்கும் டி.ஹெச்.சி. என்ற பொருளுக்குக் குமட்டலை அடக்கும் குணம் உண்டு. புற்றுநோய்க்குக் கீமோ எடுப்பவர்களின் வாந்திக்கு அந்த வகை மருந்தைச் சில நாடுகளில் கொடுக்கிறார்கள். ஆனால் அதே பொருள் வருடக்கணக்கில் உடம்பில் ஏறிக்கொண்டே இருக்கும்போது சிலருக்கு நேர்மாறாக வேலை செய்கிறது. இழுத்ததும் கொஞ்ச நேரம் அடங்கும், அடுத்த வாந்திக்கும் அதுவே விதை போடும். தம்பி மருந்து என்று நினைத்து நோயைத்தான் புகைத்துக்கொண்டிருக்கிறான். மற்ற எதைச் சொல்லாவிட்டாலும் இதை மட்டும் அவனிடம் சொல்லுங்கள்.

வெந்நீருக்கும் காரணம் உண்டு. சூட்டை உணரும் நரம்பு முனைகளைத்தான் மிளகாயின் காரமும் தூண்டுகிறது. அதனால் மிளகாயிலிருந்து எடுத்த கேப்சைசின் களிம்பை இந்த வாந்திக்கு வயிற்றின் மேல் தடவும் வழக்கம் சில மருத்துவமனைகளில் இருக்கிறது. இதைப் படித்துவிட்டு வீட்டில் மிளகாய் அரைத்துப் பூசிவிடாதீர்கள், ஏற்கெனவே வெந்த தோல் அது.

அடுத்த தடவை வாந்தி ஆரம்பித்து, சிறுநீர் குறைந்தாலோ, எழுந்தால் தலை சுற்றினாலோ, கைகால் இழுத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். உடம்பில் நீரும் பொட்டாசியமும் இறங்கினால் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கும். உயிருக்கே ஆபத்தாகலாம்.

அப்புறம், அந்த ஒட்டுக்கேட்கிற விஷயம். எனக்கு வாந்தியைவிடக் கவலை இதில்தான். 1987-இல் ஸ்வீடனில் ஒரு பெரிய ஆய்வு வெளியானது. ராணுவத்தில் சேர வந்த 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் 15 வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். 18 வயதுக்குள் 50 தடவைக்கு மேல் கஞ்சா புகைத்திருந்தவர்களுக்கு, தொடவே தொடாதவர்களைவிட மனச்சிதைவு நோய் ஏறக்குறைய ஆறு மடங்கு அதிகம். புகைத்தவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நோய் வரவில்லை, அதையும் மறைக்கக் கூடாது. ஆனால் ரத்த உறவில் ஒருவருக்கு இருக்கும் வீட்டில், மூளை இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கும் வயதில், தினம் மூன்று நாலு தடவை என்றால் அது வேறு கணக்கு. சித்தப்பாவை நினைத்து நீங்கள் நடுங்கியது வீண் பயம் இல்லை. இந்தச் சந்தேகங்கள் கஞ்சாவால் மட்டும் வந்ததா, வேறு நோயின் ஆரம்பமா என்பதை மனநல மருத்துவர்தான் பிரித்துப் பார்க்க வேண்டும். சீக்கிரம் காட்டினால் சீக்கிரம் தெளியும். "அப்படியெல்லாம் யாரும் பேசலடா" என்று அவனோடு வாதாட வேண்டாம். "தூக்கமில்லாம பயந்துபோயிருக்க, டாக்டரைப் பார்க்கலாம் வா" என்று சொல்லுங்கள். தன்னையோ மற்றவரையோ காயப்படுத்திவிடுவேன் என்று பேசினால் அன்றைக்கே கூட்டிப் போங்கள்.

மூலிகை என்ற வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. எட்டியும் ஊமத்தையும்கூட மண்ணில் முளைப்பவைதான். வயது வித்தியாசமில்லாமல் எத்தனையோ பையன்கள் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

போலீஸ் பயத்துக்கு வருவோம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்திலேயே 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர் தானாக முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அரசு அங்கீகரித்த மையத்திலோ சிகிச்சை எடுத்தால், தன் உபயோகத்துக்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ அவர் மேல் வழக்கு நடத்த முடியாது. சிகிச்சையை முழுதாக முடிக்க வேண்டும் என்பது நிபந்தனை. விற்பவர்களுக்கு இது பொருந்தாது. ரூம் பையன்களுக்காகச் சேர்த்து வாங்கி வரும் பழக்கம் இருந்தால் அதை இன்றே விடச் சொல்லுங்கள். நோயாளி சொல்வதை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் சொல்கிறது. ஆகவே டாக்டரிடம் எதையும் ஒளிக்க வேண்டாம்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு இடத்திலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. பழைய ரிப்போர்ட்டுகளையும் அந்தச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய் வயிற்றையும் மனதையும் சேர்த்தே காட்டுங்கள். அவனுக்கு ஊருக்குள் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இருந்தால், ஓசூரிலிருந்து ஒரு பஸ் தூரத்தில் பெங்களூரு நிம்ஹான்ஸ் என்ற மத்திய அரசு மனநல மருத்துவமனையில் போதை மீட்புக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. போவதற்கு முன் பேசிப் பார்க்க அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மனாஸ் 14416, எந்நேரமும் இலவசம், தமிழில் பேசலாம்.

நிறுத்தும்போது இரண்டு மூன்று வாரம் லீவு போட்டுவிட்டு உங்கள் கண்பார்வையில் இருக்கட்டும். அந்த ரூமில் இருந்துகொண்டு நிறுத்துவது மிகக் கடினம். ஓரிரு நாளில் எரிச்சல், வியர்வை, பசியின்மை, தூக்கமின்மை ஆரம்பிக்கும். முதல் வாரம்தான் உச்சம். பிறகு மெல்லக் குறையும், தூக்கம் சரியாக மட்டும் இன்னும் கொஞ்ச நாள் ஆகலாம். பயங்கரக் கனவுகள் வரும். கத்துவான். அது உங்கள் மேலுள்ள கோபம் இல்லை. சிகரெட் தூளோடு கலந்து புகைத்ததால் நிகோட்டினுக்கும் உடம்பு ஏங்கும், அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குடிப்பழக்கமும் இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும், ஏனென்றால் குடியைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்புகூட வரலாம். டி.ஹெச்.சி. கொழுப்பில் தங்கும் பொருள். நிறுத்திச் சில வாரம் கழித்தும் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியலாம். அதை வைத்துப் பொய் சொல்கிறாய் என்று சண்டை பிடிக்காதீர்கள்.

சத்தியம் ஒரு நோயை ஒளித்து வைக்க உதவக் கூடாது. அவனுக்குத் தெரியாமல் சொல்லவும் வேண்டாம். "இந்த வாரத்துக்குள்ள நீ அப்பாகிட்ட சொல்லு, நான் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன். உன்னால முடியலைன்னா நான் சொல்லிடுவேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அம்மா கட்டிய தாயத்து இருந்துவிட்டுப் போகட்டும், அதை அறுக்கச் சொல்லிச் சண்டை வேண்டாம்.

ஆவணியில் கல்யாணம் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் எண்ணமே இல்லை. கால்கட்டு எந்தப் போதையையும் விடவைத்து நான் பார்த்ததில்லை. இன்னொரு வீட்டுப் பெண்ணின் கண்ணீரைத்தான் பார்த்திருக்கிறேன். மாமா வீட்டில் "தம்பிக்கு உடம்பு சரியில்லை, வைத்தியம் முடியட்டும்" என்று இப்போது சொல்லுங்கள், அது உண்மையும்கூட. பின்னால் பேச்சு மறுபடி எழுந்தால், அந்தப் பெண்ணிடம் முழுதாகச் சொன்ன பிறகுதான் நாள் குறிக்க வேண்டும். சொல்ல வேண்டியவன் தம்பிதான்.

மருத்துவமனைக்குப் போகும்வரை, ராத்திரி அவன் அடுப்பு மூட்ட எழுந்தால் யாராவது ஒருவர் கூடவே எழுந்து போங்கள். அந்த நேரத்தில் அவனுக்குச் சூடு உறைக்காது. தண்ணீரை விளாவி, உங்கள் கையை விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றக் கொடுங்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததும் எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.