சிறையை நம்பிப் பிறந்த ஊர்

கேள்வி: இங்கிலாந்தின் டார்ட்மூர் சிறைச்சாலையைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் பிரின்ஸ்டவுன் என்ற சிற்றூரின் பெயரும் கூடவே வருகிறது. முதலில் வந்தது ஊரா, சிறையா? கைதிகள் அனைவரையும் 2024-இல் அங்கிருந்து அகற்றியது ஏன்?

பதில்: பெயரளவில் ஊர் முந்தியது, ஆனால் அதை ஊராக்கியது சிறைதான். டெவன் மாவட்டத்தில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 430 மீட்டர் உயரத்தில், மழையும் மூடுபனியும் ஓயாத தரிசு மேட்டில் விரும்பிக் குடியேற ஆள் கிடைப்பது அரிது. வேல்ஸ் இளவரசரின் செயலாளராக இருந்த தாமஸ் டிர்விட் அந்த நிலத்தைப் பண்படுத்திப் பயிரிட முயன்றார்; மண்ணும் குளிரும் இடம்கொடுக்கவில்லை. அதே சமயத்தில் பிரான்சுடன் நடந்த போரில் பிடிபட்டவர்கள் பிளிமத் துறைமுகத்துப் பழைய கப்பல்களில் நெருக்கியடித்து அடைக்கப்பட்டிருந்ததால், அவர்களுக்குத் தம் மேட்டிலேயே ஒரு சிறை கட்டலாம் என்ற யோசனையை அவர் முன்வைத்தார். 1806-இல் வேலை தொடங்கி, 1809-இல் முதல் கைதிகள் வந்து சேர்ந்தனர். பயிர் வளராத இடத்தில் ஊரை வளர்க்க அவர் கண்ட வழி இது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1813 முதல், அமெரிக்காவுடன் அப்போது நடந்த போரில் பிடிபட்ட அமெரிக்கக் கைதிகளும் அங்கு அடைக்கப்பட்டனர். சமாதான உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த பிறகும் தாயகம் திரும்பக் கப்பலின்றிக் காத்திருந்த அவர்கள்மீது 1815 ஏப்ரல் 6 அன்று காவலர்கள் சுட்டதில் ஏழு பேர் இறந்தனர். ஊரின் புனித மைக்கேல் தேவாலயத்தைப் பிரெஞ்சுக் கைதிகள் கட்டத் தொடங்க, அமெரிக்கக் கைதிகள் முடித்துக் கொடுத்தனர். ஊர் மக்கள் வழிபடும் இடத்தைக்கூட வெளிநாட்டுக் கைதிகளே எழுப்பியிருக்கிறார்கள் என்பதிலிருந்து ஊருக்கும் சிறைக்கும் உள்ள பிணைப்பைப் புரிந்துகொள்ளலாம்.

போர் முடிந்து சிறை காலியானதும் ஊரும் களையிழந்தது. டிர்விட் விடவில்லை, மேட்டுக் கருங்கல்லைப் பிளிமத்துக்குக் கொண்டுசெல்லக் குதிரைகள் இழுக்கும் தண்டவாளப் பாதையை 1823-இல் திறந்தார். ஆனாலும் 1850-இல் அதே கட்டடம் குற்றவாளிகளுக்கான சிறையாக மாறிய பிறகே ஊர் நிலைபெற்றது. காவலர்களின் குடும்பங்கள் ஊரில் குடியேறின. தண்டனைக் கைதிகள் கல் உடைத்தார்கள், தரிசைத் திருத்தி வயலாக்கினார்கள். 1932-இல் கைதிகள் கஞ்சி மோசமாக இருப்பதாக மூட்டிய சச்சரவு பெருங்கலகமாக வெடித்தது.

அண்மைய வெளியேற்றத்துக்குக் காரணம், அந்த மேடு முழுவதும் பரந்துகிடக்கும் கருங்கல். அதிலுள்ள சிறிதளவு யுரேனியம் சிதைவதால் ரேடான் என்னும் கதிரியக்க வாயு உண்டாகிறது; நிறமும் மணமும் இல்லாத அது தரை வழியே கட்டடத்துக்குள் கசிந்து, காற்றோட்டம் குறைந்த அறைகளில் தேங்கும். நீண்ட காலம் சுவாசித்தால் நுரையீரல் புற்றுநோய் வரும் அபாயம் கூடும். சிறை அறைகளில் கதவும் சன்னலும் கைதியின் விருப்பப்படி திறப்பவை அல்ல என்பதால், வீட்டில் செய்யக்கூடிய எளிய பரிகாரம் அங்கே எடுபடாது. வேல்ஸ் இளவரசருக்குரிய நிலவுடைமை அமைப்பான கார்ன்வால் பண்ணையாட்சிக்கே (Duchy of Cornwall) இன்றும் அந்த நிலம் சொந்தம் என்பதால், கைதிகள் இல்லாத கட்டடத்துக்கும் அரசு குத்தகைப் பணம் செலுத்த நேர்ந்தது.