பெட்டியில் இடமில்லாத கேசட்

கேள்வி: அம்மா, எனக்கு 55 வயது. தம்பிக்கு 49. பள்ளிக்கூட நாளிலிருந்து இருவருக்கும் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் மேல் பைத்தியம். அவனுக்கு அதைப் பிடிக்க வைத்ததே நான்தான். எந்த ஆல்பம் உசத்தி, எது மட்டம் என்று எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறோம், எல்லாம் சிரிப்பில் முடியும். எனக்கு 1975-இல் வந்த ‘பிளட் ஆன் தி டிராக்ஸ்’தான் உச்சம். அவனோ 1970-இல் வந்த ‘செல்ஃப் போர்ட்ரெய்ட்’ என்று சாதிக்கிறான். அது குப்பை என்று ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகையே அன்றைக்கு எழுதிவிட்டது. 25 வயதில் வேலை கிடைத்து ஊரைவிட்டுக் கிளம்பியபோது என் டிலன் கேசட்டுகளை எல்லாம் எடுத்துக்கொண்டேன். அது ஒன்றை மட்டும் பெட்டியில் இடமில்லாமல் விட்டுவிட்டு வந்தேன். அப்பா படுக்கையில் இருந்த இரண்டு வருஷமும் வீட்டில் அதையே போட்டுக் கேட்டார்களாம். அதனால் மோசமான ஆல்பம் நல்ல ஆல்பமாகிவிடுமா? போன வருஷம் அப்பாவின் நினைவு நாளில் உறவினர்கள் எதிரில் இந்தப் பேச்சு வந்தது. ‘உனக்கு நல்லது எது, மிச்சம் எது என்றே தெரியாது’ என்று சொல்லிவிட்டேன். எழுந்து போனவன்தான், பதினோரு மாதமாகப் பேச்சில்லை. 39 ஆல்பங்களையும் வரிசைப்படுத்தி இத்துடன் இணைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி என்று நீங்களே சொல்லுங்கள்.

பதில்: பட்டியலைப் பார்த்தேன். 2020 வரை வந்த அத்தனை ஸ்டூடியோ ஆல்பத்துக்கும் மார்க் போட்டு, கால் புள்ளி அரைப் புள்ளி வித்தியாசத்தில் வரிசை கட்டியிருக்கிறீர்கள். தம்பியோடு பேசாத பதினோரு மாதத்தில் இதற்கு நேரம் கிடைத்திருக்கிறது.

அண்ணன் தம்பி சண்டை இந்தப் பக்கத்துக்குப் புதிதில்லை. நிலம் என்று எழுதுவார்கள், நகை என்று எழுதுவார்கள். கொஞ்சம் கிளறினால் அம்மாவை ஆஸ்பத்திரிக்கு யார் கூட்டிப்போனது என்பதில் வந்து நிற்கும். உங்கள் கடிதத்தில் நிலத்துக்குப் பதில் டிலன் இருக்கிறார், அவ்வளவுதான். ரசனை விஷயத்தில் இருவருமே சரி என்று நான் சொல்வேன் என எதிர்பார்த்திருப்பீர்கள். சொல்லப் போவதில்லை.

‘பெட்டியில் இடமில்லாமல்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். ஒரு கேசட் எவ்வளவு பெரிசு? உள்ளங்கையில் அடங்கும். சட்டைப் பையில் போகும். இரண்டு பனியனுக்கு நடுவில் செருகினால் இருப்பதே தெரியாது. மற்ற எல்லாவற்றுக்கும் இருந்த இடம் அதற்கு மட்டும் இல்லையா? வேண்டாம் என்று விட்டுவிட்டு வந்தீர்கள். 25 வயதில் யாரும் அப்படித்தான் செய்வார்கள், அதை நான் குற்றம் சொல்லவில்லை. முப்பது வருஷம் கழித்து எனக்கு எழுதும்போதும் ‘இடமில்லை’ என்கிறீர்களே, அதில்தான் எனக்குக் கோபம்.

கணக்கைப் பாருங்கள். உங்கள் பங்குக்கு வேலை, வெளியூர், சொந்தச் சம்பளம், நல்ல கேசட்டுகள். வீட்டில் மிஞ்சியது அப்பா, அம்மா, 19 வயதுப் பையன், அண்ணன் வேண்டாம் என்று விட்டுப்போன ஒரு கேசட். அந்தப் பையன் என்ன செய்திருப்பான்? இருந்ததைத்தான் கேட்டிருப்பான். ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டால் அதில் இருக்கிற நல்லது எல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வரும். உங்களுக்கு அடுத்த கேசட்டுக்குத் தாவ வசதி இருந்தது, அவனுக்கு இல்லை.

அப்புறம் அந்த ‘கேட்டார்களாம்’. அந்த ‘ஆம்’ ஒன்றே போதும், நீங்கள் அங்கே இல்லை என்பதற்கு. இரண்டு வருஷம் அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்தது யார், ராத்திரி எழுந்தது யார் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. ஆனால் எந்த ஆல்பத்துக்கு ஏழரை மார்க், எதற்கு ஏழேகால் என்று இரண்டு பக்கம் இருக்கிறது.

பெற்றவர்களைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பு எல்லாப் பிள்ளைகளுக்கும் சமம் என்று நினைக்கிறவள் நான். ஒருத்தர் வெளியூர் போனால் தப்பில்லை, யாராவது போய்த்தான் ஆக வேண்டும். ஆனால் போனவர், இருந்தவருக்குக் கடன்பட்டவர். பணம் அனுப்பினால் அது தீராது. இதை நான் மேடையில் நின்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் முதலில் கிளம்பியவள் நான், கடைசிவரை இருந்தது அக்கா. அவள் சமையல் வேலைக்கு நடுவே ரேடியோவில் கேட்ட பாட்டுகளை, ‘இதையெல்லாமா கேட்கிறாய்’ என்று நானும் கேலி செய்தவள்தான்.

சரி, தீர்ப்பு கேட்டீர்கள். டிலனை எனக்கும் தெரியும்.

‘பிளட் ஆன் தி டிராக்ஸ்’ உச்சம் என்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் அது எப்படி அப்படி ஆயிற்று என்று யோசித்தீர்களா? 1974 செப்டம்பரில் நியூயார்க்கில் நாலே நாளில் பத்துப் பாட்டையும் பதிவு செய்துவிட்டார். மாதிரித் தட்டு வந்துவிட்டது, அட்டையும் அச்சாகிவிட்டது. டிசம்பரில் தன் சொந்த மாநிலமான மினசோட்டாவுக்குப் போனவர் அந்தத் தட்டைத் தன் தம்பி டேவிட்டுக்குப் போட்டுக் காட்டினார். அண்ணனைவிட ஐந்து வயது சின்னவர், மினசோட்டாவிலேயே இருந்தவர். இது சரியாக வரவில்லை என்று அவர் சொன்னார். உலகமே தலையில் வைத்துக் கொண்டாடிய அண்ணன் அதைக் கேட்டுக்கொண்டார். டேவிட் அங்கே மினியாபொலிஸ் நகரத்தில் உள்ளூர் வாத்தியக்காரர்களைச் சேர்த்துக் கொடுத்தார், டிசம்பர் 27, 30 என்று இரண்டு நாளில் ஐந்து பாட்டைப் புதிதாகப் பதிந்தார்கள். ‘டேங்கிள்ட் அப் இன் ப்ளூ’ பாட்டை ஒரு கட்டை ஏற்றிப் பாடலாமே என்று அங்கிருந்த கிட்டார்க்காரர் ஒருவர் சொல்ல, 5 கட்டையிலிருந்து 6 கட்டைக்குப் போனார் டிலன். நீங்கள் முப்பது வருஷமாக உருகிக் கேட்கிற அந்த முதல் பாட்டு, ஊரிலேயே இருந்தவர்கள் கொடுத்தது. முன்பே அச்சான அட்டையில் அவர்கள் பெயர் இல்லை. 2018-இல் அந்தப் பதிவுகளைப் பெரிய தொகுப்பாக வெளியிட்டபோதுதான் பெயர் போட்டார்கள்.

நியூயார்க் பதிவுதான் மேல், தம்பி பேச்சைக் கேட்டுக் கெடுத்துக்கொண்டார் என்று சொல்கிற ரசிகர்களும் உண்டு. ‘இஃப் யூ ஸீ ஹர், ஸே ஹலோ’ பாட்டைப் பொறுத்தவரை நானும் அந்தக் கட்சிதான். இருக்கட்டும். தம்பிக்குப் போட்டுக் காட்டி, ‘எப்படி இருக்கிறது?’ என்று கேட்டாரே, அதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். இத்தனை வருஷத்தில் உங்கள் தம்பியை நீங்கள் ஒரு தடவையாவது அப்படிக் கேட்டதுண்டா? அந்த ஆல்பத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டீர்களா? கடிதத்தில் அவர் சொன்ன காரணம் ஒன்றுகூட இல்லை. அவர் சாதிக்கிறார் என்று மட்டும் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். டிலனின் கல்யாணம் உடைகிற காலத்து ஆல்பம் ‘பிளட் ஆன் தி டிராக்ஸ்’. டிலன் தன் புத்தகத்தில், பெயர் சொல்லாமல் ஒரு ஆல்பத்தைக் குறிப்பிட்டு, அது ரஷ்ய எழுத்தாளர் செக்காவின் கதைகளை வைத்து எழுதியது, சொந்தக் கதை என்று விமர்சகர்கள் நினைத்துக்கொண்டார்கள் என்கிறார். இதைத்தான் சொல்கிறார் என்பது பலருடைய ஊகம். ஆனால் ஆல்பம் வந்த 1975-லேயே ஒரு வானொலிப் பேட்டியில், இந்த மாதிரி வலியை ஜனங்கள் எப்படி ரசிக்கிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை என்று சொன்னவரும் அவரே. அடுத்தவர் வீடு உடைகிற சத்தத்துக்குப் பத்துக்கு ஒன்பதே முக்கால் கொடுத்திருக்கிறீர்கள். உங்கள் வீட்டுச் சத்தம் பதினோரு மாதமாக உங்கள் காதில் விழவில்லை.

இப்போது ‘செல்ஃப் போர்ட்ரெய்ட்’. நல்ல ஆல்பமா என்றால், இல்லை. 24 உருப்படியில் பாதியைத் தூக்கி வெளியே வைக்கலாம். ‘தி பாக்ஸர்’ பாட்டைத் தன் குரலோடு தானே சேர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டாமல் பாடியிருக்கிறாரே, அது தண்டனை. ஆனால் ‘காப்பர் கெட்டில்’ அதில்தான் இருக்கிறது. முதல் பாட்டில் டிலன் குரலே கிடையாது, பெண்கள் சேர்ந்து இரண்டே வரியைச் சுற்றிச் சுற்றிப் பாடுகிறார்கள், களைத்துப்போன குதிரைகளைப் பற்றி. ஓடியாடுகிறவருக்கு அது எரிச்சலாக இருக்கும். அசைய முடியாமல் படுத்திருப்பவருக்கும், பக்கத்தில் தூக்கமில்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கும் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் சாட்சிக்குக் கூப்பிடுகிற விமர்சனத்தை எழுதியவர் கிரீல் மார்கஸ். ‘என்ன இது’ என்பதை இங்கே அச்சிட முடியாத ஒரு வார்த்தை சேர்த்துக் கேட்டுத்தான் ஆரம்பித்தார். 2013-இல் அந்தக் காலத்துப் பதிவுகளை ‘அனதர் செல்ஃப் போர்ட்ரெய்ட்’ என்று வெளியிட்டபோது அதற்குள் கட்டுரை எழுதியிருப்பவரும் அதே மார்கஸ்தான். திட்டியவரே 43 வருஷம் கழித்துத் திரும்பி வந்து உட்கார்ந்து கேட்டிருக்கிறார். நீங்கள் இன்னும் 1970-லேயே நிற்கிறீர்கள்.

டிலன் ஏன் அப்படி ஒரு ஆல்பம் போட்டார் என்பதற்கு அவரே பின்னால் காரணம் சொன்னார். அவரைத் தீர்க்கதரிசி என்று நினைத்துக்கொண்ட கூட்டம் அவர் குடியிருந்த உட்ஸ்டாக் ஊரில் வீட்டுக்குள் நுழைந்தது, கூரைமேல் ஏறியது. உள்ளே மனைவி, சின்னச் சின்னக் குழந்தைகள். இந்த ஜனங்கள் தன்னை மறந்து தொலைந்தால் போதும் என்று, கையில் கிடைத்ததை எல்லாம் சேர்த்து வெளியிட்டாராம். அவர் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பிவிட முடியாது, பேட்டியில் கதை விடுவதில் கெட்டிக்காரர். ஆனால் இதில் பாதி உண்மை இருந்தாலும், வீடு நிம்மதியாக இருக்கட்டும் என்று ஒருவர் தன் பெயரையே கெடுத்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் உங்கள் பட்டியலின் பெயர் கெடக் கூடாது என்று வீட்டைக் கெடுத்துக்கொண்டீர்கள்.

எல்லாவற்றிலும் மோசம் எது என்றால், என் ஓட்டு 1973-இல் வந்த ‘டிலன்’ ஆல்பத்துக்கு. கொலம்பியா இசைத்தட்டுக் கம்பெனியை விட்டு அவர் அசைலம் கம்பெனிக்குப் போனதும், முன்பு அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டுகளை எடுத்து, அவர் கைபடாமலே பழைய கம்பெனி வெளியிட்டது அது. ‘மிச்சம்’ என்ற சொல்லை அதற்குச் சொல்லலாம். நீங்கள் அதற்கு 37-ஆம் இடம் கொடுத்து, தம்பிக்குப் பிடித்ததை 39-இல் தள்ளியிருக்கிறீர்கள். 1988-இன் ‘டவுன் இன் தி க்ரூவ்’கூட அதற்கு மேலே இருக்கிறது. எந்த டிலன் ரசிகனும் நிதானத்தில் இருக்கும்போது இப்படி ஒரு வரிசை போடமாட்டான்.

‘உனக்கு நல்லது எது, மிச்சம் எது என்றே தெரியாது’ என்று அத்தனை பேர் எதிரில் சொன்னீர்களே. இரண்டும் எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மிச்சத்தை வைத்துக் குடும்பம் நடத்தியவர் அவர். எழுந்து போனதோடு விட்டாரே என்று எனக்கு ஆச்சரியம்.

போனில் பேச வேண்டாம். போனில் நீங்கள் விளக்கம் கொடுப்பீர்கள், விளக்கம் பாதியில் வாதமாகும், பிறகு மார்க் போட ஆரம்பித்துவிடுவீர்கள். நேரில் போங்கள். அன்று எடுத்துப்போன கேசட்டுகள் இருந்தால் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் கொடுத்துவிடுங்கள். பட்டியலைக் கொண்டுபோகாதீர்கள். ‘வேண்டாம் என்றுதான் விட்டுவிட்டுப் போனேன்’ என்று உங்கள் வாயால் சொல்லுங்கள், ‘இடமில்லை’ என்ற பேச்சு மறுபடி வரக் கூடாது. அம்மா இருந்தால் அவர் எதிரிலேயே சொல்லுங்கள். உறவினர்கள் எதிரில் அவமானப்படுத்தியதற்கு உறவினர்கள் எதிரில்தான் மன்னிப்பு, அதை அடுத்த நினைவு நாளில் செய்யுங்கள், இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.

அப்புறம் அந்த ஆல்பத்தைப் போடச் சொல்லி முழுசாகக் கேளுங்கள். 70 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலே ஓடும். ‘தி பாக்ஸர்’ வரும்போதும் முகத்தைச் சுளிக்கக் கூடாது. அப்பாவுக்கு எந்தப் பாட்டு பிடிக்கும் என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.

பழைய கேசட் என்றால் நாடா உள்ளே தளர்ந்து கிடக்கும். அப்படியே போட்டால் சிக்கிக்கொள்ளும். போகும்போது நாடாவைச் சுற்றி இறுக்க ஒரு பென்சில் எடுத்துப் போங்கள், சட்டைப் பையில் இடம் இருக்கும்.