ருத்தேனியம் அணைவு: ஐந்தில் ஒரு பங்கு ஒளிர்வுதான் வருகிறது

உங்கள் ருத்தேனியம் அணைவு (உலோகத்தோடு கரிம மூலக்கூறுகள் பிணைந்த சேர்மம்) எதிர்பார்த்ததில் ஐந்தில் ஒரு பங்குதான் ஒளிர்கிறது, கெட்டுப்போய்விட்டதா என்று கேட்கிறீர்கள். சேர்மம் கெட்டுப்போயிருக்காது. கரைந்திருக்கும் ஆக்சிஜன்தான் ஒளிர்வைத் தின்கிறது. உங்கள் அணைவான டிரிஸ்பைபிரிடின் ருத்தேனியத்தின் குவாண்டம் திறன் (உறிஞ்சிய ஒளியில் திரும்ப ஒளிரும் பங்கு), காற்று நீக்கிய அசிட்டோநைட்ரைல் கரைப்பானில் சுமார் 9.5%, காற்று பட்டதில் 1.8%. நீங்கள் சொல்லும் ஐந்தில் ஒரு பங்கும் அதுவேதான்.

கியுவெட்டை (கரைசலை வைத்து அளக்கும் சிறு கண்ணாடிக் குப்பி) செப்டத்தால் (ஊசி குத்தக்கூடிய ரப்பர் மூடி) மூடி, ஆக்சிஜன் வெளியேற மெல்லிய ஊசி வழியே நைட்ரஜனை 15 நிமிடம் குமிழவிட்டு, 450 நானோமீட்டர் ஒளியால் கிளர்த்தி மறுபடி அளவிடுங்கள். ஒளிர்வு ஏறாவிட்டால் அப்புறம் சேர்மத்தின் தூய்மையைச் சந்தேகிக்கலாம்.

தர்மபுரியில் நைட்ரஜன் சிலிண்டர் கிடைக்கவில்லை என்கிறீர்கள். வெல்டிங்குக்கு வாங்கும் ஆர்கானே போதும், ஓசூர் பக்கம் விசாரியுங்கள். கார்பன் டை ஆக்சைடு கலந்ததைத் தலையில் கட்டிவிடப் போகிறார்கள், கேட்டு வாங்குங்கள்.

குமிழவிடும்போது கரைப்பான் ஆவியாகிச் செறிவு கூடும், அதுவும் இந்த வெயிலில். வாயுவை முதலில் வெறும் அசிட்டோநைட்ரைல் வழியாகச் செலுத்தி, அதன் ஆவியை ஏற்றிக்கொண்ட பிறகு கியுவெட்டுக்குக் கொண்டுவாருங்கள்.