சாங்ச்சுவரிக்குக் காவல் போதாது தம்பி

திருமங்கலத்துத் தம்பிக்கு, ஃபால்அவுட் 4 வீடியோ கேம்ல நீங்க கட்டுற சாங்ச்சுவரி ஊர் ஏன் திரும்பத் திரும்பத் தாக்கப்படுதுன்னு கேட்டிருந்தீங்க. நீங்க போட்ட கணக்குலயே பதில் இருக்கு. சாப்பாடு 12, தண்ணீர் 20, காவல் வெறும் 14. காவல் எண்ணிக்கை மற்ற ரெண்டையும் கூட்டினதுக்குக் குறையாம இருக்கணும், அதாவது 32. சாதாரண மெஷின்கன் டரட், அதாவது தானா சுடுற துப்பாக்கி, ஒண்ணு காவல்ல 5 தரும், மின்சாரமும் வேண்டாம். நாலு வைங்க, 34 ஆயிரும்.

எல்லாத்தையும் மரப்பாலத்துப் பக்கமே வைக்காதீங்க. மீனாட்சி கோயிலுக்கு நாலு வாசல் மாதிரி, எதிரியும் பல திசையில வருவான். செல்லூர்ல என் அறையில ஒரு ராத்திரி முழுக்க இதே ஊரைக் காத்தேன். பாலத்தைப் பார்த்து அஞ்சு டரட் நின்னுச்சு, அவனுங்க வீட்டுக்குப் பின்னாடியிருந்து வந்து சோளத்தை மிதிச்சுட்டானுங்க. மனசு ஆறவே இல்ல.

ஆட்டத்துல வர்ற குழுக்கள்ல பிரதர்ஹுட் பக்கம் சேரலாமா இன்ஸ்டிடியூட் பக்கம் சேரலாமான்னு இப்பவே குழம்ப வேண்டாம். 'மாஸ் ஃப்யூஷன்' பணி வரைக்கும் ரெண்டு பேர்கூடவும் வேலை பார்க்கலாம். அதுல ஒருத்தர் பக்கம் போனா அடுத்தவர் பகையாயிருவார், அதனால அதுக்கு முன்னாடி தனியா ஒரு சேவ் போட்டு வைங்க. ஊர்களைக் காக்குற மினிட்மென் குழுவை மட்டும் கைவிடாதீங்க.